சம்பந்திக்கு உள்ளங்காலைக் காட்டியது குறித்து

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, தங்கள் மருமகளைப் பெற்றவன் இரு கரம் கூப்பி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் மனைவியும் கணுக்காலுக்கு மேலே சௌக்கியம். அங்கே தாங்களும் சம்பந்தி அம்மாவும் தலை முதல் பாதம் வரை சௌக்கியமா என்று கேட்க வந்தேன். பாதம் என்ற சொல்லைத் தங்களிடம் எடுக்க இப்போது எனக்கு வாய் வரவில்லை. ஆகவே பொதுவாகச் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

நேரே கூப்பிட்டுப் பேசினால் இரண்டு நிமிடத்தில் முடிகிற விஷயம் என்று என் மனைவி சொன்னாள். முடியும்தான். ஆனால் தங்கள் குரலைக் கேட்டாலே நான் டிக்கெட் இல்லாமல் வண்டி ஏறியவன் மாதிரி ஆகிவிடுகிறேன். முப்பது வருஷம் ஓடுகிற ரயிலில் பரிசோதகராக நின்றவர் தாங்கள். நான் முப்பத்துநாலு வருஷம் செருப்புக் கடையில் முக்காலி மேல் உட்கார்ந்து பிறர் காலைப் பார்த்தவன். தவிர, அந்த போனை இனி நான் நம்புவதாக இல்லை. அதில் எதைத் தொட்டாலும் அது தங்களிடம் வந்து சேர்கிறது. அதனால்தான் மூன்று நாளாகக் காகிதம் காகிதமாகக் கிழித்து நாலாவது நாளான இன்று இதை எழுதுகிறேன்.

போன திங்கள் முதல் வெள்ளி வரை, தினம் மாலை ஆறரை மணிக்குத் தங்கள் போனுக்கு வந்தது என்னுடைய இடது உள்ளங்கால். கடைசி நாள் வந்தது இரண்டும். அவை தங்களுக்கு அனுப்பப்பட்டவை அல்ல. கீழே எழுதியிருந்த வாசகங்களும் தங்களுக்கு எழுதப்பட்டவை அல்ல. சம்பந்திக்கு ஒருவன் உள்ளங்காலைத் தூக்கிக் காட்டினாலே உறவு அறுந்துபோகும். அதைப் 'பெரிதாக்கிப் பார்' என்று ஒருமையில் வேறு சொன்னால் தாங்கள் என்ன நினைத்திருப்பீர்கள் என்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு எது தோன்றுகிறதோ அதைச் செய்யுங்கள். ஏற்றுக்கொள்கிறேன்.

எனக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருஷம் ஆகிறது. மாத்திரை போடுகிறவன், நடக்கிறவன், டீயில் சீனி இல்லாமல் குடிக்கிறவன் என்று எனக்கு ஒரு நல்ல பெயர் உண்டு, அதை நானே வைத்துக்கொண்டது. நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு காலையில் என் மனைவி வெள்ளைத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவள், குளியலறை வாசலிலிருந்து பால்கனி வரை, பால்கனியிலிருந்து குளிர்ப்பெட்டி வரை, வரிசையாகச் சிவப்புப் பொட்டுகள் இருப்பதைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பூனை எதையோ கவ்விக்கொண்டு வந்திருக்கிறது என்று முதலில் பூனையைத் திட்டினாள், பிறகு பூனைக்குப் பால் வைக்கிறவர்களைத் திட்டினாள், நானும் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்து அவளோடு சேர்ந்து திட்டினேன். நான் எழுந்து வந்த வழியெல்லாம் புதுப் பொட்டு. அவள் தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"காலத் தூக்குங்க" என்றாள்.

"எதுக்கு?"

"தூக்குங்கன்னா தூக்குங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டு குதிரை லாடத்துக்குக் காட்டுவதுபோலக் காட்டினேன். காலண்டர் மாட்டுகிற குண்டூசி ஒன்று, தலை மட்டும் வெளியே தெரிய, பெருவிரலுக்குக் கீழே இருந்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பூனையை அவ்வளவு திட்டினோமே என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "வலிக்கலையா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தபோதுதான் எனக்கும் சிரிப்பு நின்றது. காலண்டரை நான் மாற்றி மாட்டியது அதற்கு முந்தின நாள் மத்தியானம். அந்த ஊசியோடு சாயங்காலம் பூங்காவைச் சுற்றி நாலு சுற்று நடந்து, 'இன்னிக்கு நடை நல்லா இருந்துது' என்று அவளிடம் சொல்லியும் இருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கால்களுக்கென்றே ஒரு அறை இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். டாக்டர் ஊசியை எடுத்து, எலும்புவரை போகவில்லை என்று படம் எடுத்துப் பார்த்து, சுத்தம் செய்து கட்டி, பாத நர்ஸிடம் அனுப்பினார். அந்த அம்மாள் ஒரு நைலான் இழையை வைத்துக்கொண்டு, "கண்ண மூடிக்குங்க ஐயா. நான் தொடும்போதெல்லாம் தொட்டீங்கன்னு சொல்லுங்க" என்றார். கண்ணை மூடினேன். சும்மா உட்கார்ந்திருந்தால் பெயில் போட்டுவிடுவாரோ என்று பயம். ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, இரண்டு மூச்சுக்கு ஒரு தரம் "தொட்டீங்க" என்றேன். ஏழெட்டுத் தரம் சொன்னேன். நன்றாகப் போவதாகத்தான் நினைத்தேன்.

"ஐயா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. கைய துடைச்சிக்கிட்டிருக்கேன்" என்றார்.

அடுத்து உண்மையாகவே தொட்டார். பத்து இடத்தில் நான் சரியாகச் சொன்னது மூன்று. அதற்கப்புறம் என் செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சம்பந்தி, எத்தனையோ ஆயிரம் பேருடைய செருப்பை நான் அப்படித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். என் செருப்பை யாராவது திருப்பினால் இவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. "என்ன நம்பர் போடறீங்க?" என்று கேட்டார். ஏழு என்றேன். அளவுப் பலகையில் நிற்கச் சொன்னார். எட்டுக்கும் மேலே நின்றது. 'செருப்பு வாங்கறதுன்னா சாயங்காலம் வாங்கணும், அப்பத்தான் கால் முழுசா விரிஞ்சிருக்கும்' என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொன்ன வாய் இது. என் காலை நான் அளந்தது கல்யாணத்துக்கு முன்னால்.

அன்று அந்த அம்மாள் சொன்னதை என் மனைவி மனப்பாடமாக வைத்திருக்கிறாள். தினம் ஒரு தரம் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்க வேண்டும், செருப்பைப் போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவ வேண்டும், விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும், நகத்தை நேராக வெட்ட வேண்டும், காய்ப்பைப் பிளேடால் சீவக் கூடாது, வெறுங்காலோடு ஓரடியும் வைக்கக் கூடாது. "வீட்டுக்குள்ளயுமா?" என்று கேட்டேன். "ஊசி எங்க இருந்துச்சு ஐயா, ரோட்டுலயா?" என்றார். இப்படித்தான் வீட்டுக்குள் செருப்பு வந்தது, சம்பந்தி. அகலமான, மெத்தென்ற, பின்பட்டை வைத்த, பார்க்கச் சகிக்காத செருப்பு. நான் கடையில் இருந்தபோது அதை யாருக்காவது எடுத்துக் காட்டியிருந்தால் முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

ஒன்றரை மாசத்துக்கு முன் பிள்ளைகள் லீவில் வந்திருந்தபோது அதே செருப்போடுதான் தங்கள் வீட்டுக்குள் நுழைந்தேன். வாசலில் எல்லோரும் கழற்றினார்கள். நான் மட்டும் ஒரு துணியால் அடியைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தேன். என் முகத்தைப் பார்த்து 'வாங்க' என்றீர்கள், பிறகு பார்வை மெதுவாகக் கீழே இறங்கிச் செருப்பில் நின்றது, வேறு வகுப்பு டிக்கெட்டோடு உட்கார்ந்திருப்பவனைப் பார்க்கிற பார்வை. விளக்கம் சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் கால் மரத்துவிட்டது என்று பெண்ணைக் கொடுத்த இடத்தில் சொல்ல வெட்கமாக இருந்தது. மத்தியானம் முழுக்க சோபாவுக்கு அடியில் காலை மறைத்தே உட்கார்ந்திருந்தேன்.

அத்தோடு விட்டதா. போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கால் ரொம்பச் சில்லென்று இருக்கிறது என்று மாடி வீட்டுத் தையல்காரரிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷர். "வெந்நீர்ல உப்பப் போட்டு ஊற வைங்க, சொர்க்கமா இருக்கும்" என்றார். வாளியில் வெந்நீர் விட்டு, சூடு சரியா என்று பார்க்க இடது காலை உள்ளே விட்டேன். சரியாகத்தான் இருந்தது. என் கால் அப்படித்தான் சொன்னது. ஊறியபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி வந்து, வாளியை நகர்த்தக் கை வைத்தவள் வெடுக்கென்று கையை உதறினாள். "இதுலயா காலை வச்சிருக்கீங்க?" என்று அவள் கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. வெளியே எடுத்தால் கால் சிவந்துபோய், சாயங்காலத்துக்குள் குதிகாலுக்குப் பக்கத்தில் எலுமிச்சை அளவு கொப்புளம்.

மறுபடி அதே அறை, அதே நர்ஸ் அம்மாள். "பொய் சொல்ற காலக் கொண்டுபோய் சாட்சிக்கு நிறுத்திட்டீங்களே ஐயா. குளிக்கறதுக்குன்னாலும் முழங்கையால பாத்துத்தான் ஊத்தணும். ஊற வைக்கறது வேண்டவே வேண்டாம்" என்றார். கொப்புளத்தை உடைக்காமல் கட்டிவிட்டார். இந்த விஷயம் என் மகளுக்கு, அதாவது தங்கள் மருமகளுக்குப் போயிற்று. அவள் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலையில் இருக்கிறவள், என்னை அரை மணி நேரம் பரிசோதித்தாள். "அப்பா, இனிமே உங்க வாய நான் நம்பப் போறதில்ல. தினம் ஆறரைக்குக் கட்டு மாத்தும்போது காலப் படமெடுத்து எனக்கு அனுப்பணும். எங்க டாக்டர்கிட்ட காட்டிட்டு சொல்றேன்" என்றாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் போனில் அவள் பெயர் 'மகள்'. தங்கள் பெயர் 'மகள் மாமனார்'. இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. போதாததற்குத் தங்கள் பெயர்ப் பக்கத்தில் இருக்கிற வட்டத்தில் தாங்கள் வைத்திருப்பது நம் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து நிற்கும் படம். என் மகள் முகத்தைப் பார்த்து நான் தொட்டேன். அது தாங்கள்.

முதல் நாள் எழுதினேன்: 'இதோ. பெரிதாக்கிப் பார்.' அவளுக்கு எழுதும்போது 'பாரம்மா' என்றுதான் மனசில் வரும். ஒரு விரலால் தட்டுகிறவன் 'அம்மா'வை மிச்சம் பிடித்துவிட்டேன். அந்த மூன்றெழுத்தை மட்டும் தட்டியிருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருந்திருக்காது. இரண்டாம் நாள்: 'நேற்று பார்த்தாயா? இன்றும் பார். தினமும் பார்க்க வேண்டும்.' பார்த்ததற்கு அடையாளமாக நீலக் கோடு இரண்டும் வந்துவிட்டன, பதில் இல்லை. மூன்றாம் நாள் எனக்குக் கொஞ்சம் கோபம். 'பதிலே காணோம். நேரமில்லையா, பார்க்கப் பயமா?' நாலாம் நாள்: 'டாக்டரிடம் காட்டினாயா இல்லையா? தள்ளிப்போடாதே.' ஐந்தாம் நாள் இரண்டு காலையும் சேர்த்து எடுத்து, 'இவ்வளவு சொல்லியாயிற்று. இனி உன் பாடு' என்று எழுதிவிட்டுப் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன்.

சனிக்கிழமை காலையில் மகள் கூப்பிட்டாள். "ஏம்பா, திட்டிட்டேன்னு கோவமா? அஞ்சு நாளா ஒரு படம்கூட அனுப்பல. நான் பயிற்சி வகுப்புல இருந்தேன், கூப்பிடவும் முடியல." நான் அஞ்சு நாளும் அனுப்பினேன் என்று சத்தியம் செய்தேன். "எனக்கு வரலையே. வேற யாருக்குப் போச்சு?" என்றாள். என் மனைவி போனை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தாள். அப்புறம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "உன் மாமனாருக்கு" என்றாள்.

மன்னிப்புக் கேட்பதோடு கடிதத்தை முடித்திருக்க வேண்டும். மூன்று நாளாகக் கிழித்ததெல்லாம் அப்படி முடிந்தவைதான். ஆனால் இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் முடித்தால், செருப்போடு வீட்டுக்குள் வந்ததைவிடப் பெரிய தப்பாகும்.

அன்று தங்கள் வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றினார்களே, அங்கே தங்கள் செருப்பும் இருந்தது. பழக்க தோஷம், பார்த்துவிட்டேன். வலது செருப்பு ஒழுங்காகத் தேய்ந்திருந்தது. இடது செருப்பில் பெருவிரல் அழுந்துகிற இடத்தில் பழுப்பாக ஒரு வட்டக் கறை, நடுவில் ஈரம். அதைச் சுற்றிப் பஞ்சை மடித்து ஒட்டியிருந்தீர்கள். டீ வந்தபோது தாங்களும் சீனி இல்லாத கோப்பையைத்தான் எடுத்தீர்கள். அந்தக் கறை எங்கிருந்து வரும் என்று நாலு மாசத்துக்கு முன் எனக்குத் தெரிந்திருக்காது. இப்போது தெரியும். திரும்பி வரும்போது வண்டியில் என் மனைவியிடம் சொன்னேன். "அங்கேயே சொல்லியிருக்க வேண்டியதுதானே?" என்றாள். "செருப்போட உள்ள போனவன் நான். அவர் செருப்பப் பத்தி என்னத்தப் பேசறது" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒன்றரை மாசமாக இது என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. வலி இல்லை என்பதால் புண் இல்லை என்று தாங்கள் இருந்துவிடக் கூடாது, சம்பந்தி. வலித்திருந்தால் நான் அப்போதே தப்பியிருப்பேன். கோபம் இருந்தால் என்மேல் வைத்துக்கொள்ளுங்கள், காலை மட்டும் ஆஸ்பத்திரியில் காட்டிவிடுங்கள். கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். தாங்கள் இருவரும் நீண்ட நாள் நல்ல நடையோடு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, பிழை பொறுக்கக் கோரி,

தங்கள் மருமகளின் தகப்பன்.

பி.கு.: உறையில் போட்டு ஒட்டியபிறகு மறுபடி கிழித்து இதை எழுதுகிறேன். இப்போதுதான் சம்பந்தி அம்மா கூப்பிட்டார்கள்.

"அண்ணா, உங்க கால் இப்ப எப்படி இருக்கு? யாருக்கும் சொல்லாதேன்னு சொல்லிட்டாரு, பிள்ளைங்களுக்குக்கூட சொல்லல. என்னால வச்சிருக்க முடியல" என்றார்கள். முதல் படம் வந்த அன்று தாங்கள் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்களாம். இரண்டாம் நாள் சவரக் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்த்தீர்களாம். மூன்றாம் நாள் சாப்பிடவில்லையாம். நாலாம் நாள் 'தள்ளிப்போடாதே' என்று வந்ததும் அப்போதே வண்டி கூப்பிடச் சொன்னீர்களாம். காய்ப்புக்கு உள்ளே ஆழமாகப் புண் இருந்ததாம். இன்னும் பத்து நாள் போயிருந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றாராம் டாக்டர். ஆஸ்பத்திரியில் தங்க மாட்டேன் என்று வெள்ளிக்கிழமை சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவர், 'இனி உன் பாடு' வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தீர்களாம். நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தீர்களாம், ஆறு வாரத்துக்கு இடது காலை ஊன்றக் கூடாதாம்.

"என்ன சொன்னாரு தெரியுமா அண்ணா? 'அவரு அன்னிக்கே செருப்பப் பாத்துக் கண்டுபிடிச்சிட்டாருடி. நேராச் சொன்னா நான் கோவிச்சுக்குவேன்னு தன் காலையே காட்டிக் காட்டிச் சொல்றாரு பாரு, அது மனுஷன்'னாரு" என்றார்கள்.

பிறகு போன் தங்கள் கைக்கு வந்தது. "எங்க அண்ணன் போனப்புறம் என்ன 'நீ'ன்னு சொல்லி அதட்ட ஆளில்லாம இருந்துது" என்றீர்கள். "படுத்தே கெடக்கறேன். பொழுது போகல. வர்றீங்களா?" என்றீர்கள். "சரிங்க, சனிக்கிழம வர்றோம்" என்றேன். "உங்களுக்குப் பெரிய மனசு" என்றீர்கள். அதற்கு நான் 'ம்' என்றேன். சம்பந்தி, அந்த 'ம்' சுத்தப் பொய்.

இந்தக் கடிதத்தை அனுப்பினால் என் பெரிய மனசு போய்விடும். அனுப்பாவிட்டால் அந்தப் பொய்யோடு தங்கள் எதிரே உட்கார வேண்டும். "அனுப்புங்க" என்கிறாள் என் மனைவி. அனுப்புகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இது சனிக்கிழமைக்கு முன்னால் வந்தால், நாங்கள் ஊர் திரும்புகிறவரை தயவுசெய்து பிரிக்க வேண்டாம்.